வேற எதுவும் சாப்பிடலைங்க

ரொட்டிக்கடை மாஸ்டருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தபோது அவர் பெண்டாட்டி முதலில் செய்த காரியம் அவரைத் திட்டியதுதான். "மாவுல விழுந்துடப் போகுது, தள்ளி நில்லுங்க!" என்று கத்தினாள். அவர் தள்ளி நின்றார். தோளில் கிடந்த துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, அடுப்புச் சூடு, வேறொன்றுமில்லை என்றார். பாதி ஆயுசை அடுப்பு முன்னால் கழித்த மனுஷனுக்கு இன்றைக்குத்தான் சூடு புதுசாகத் தெரிந்ததாக்கும் என்று முணுமுணுத்தபடி அவள் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு நனைந்து, அடுத்த துண்டும் நனைந்த பிறகுதான் கையிலிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

தெருவில் அவளுக்கு மிளகா என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அது யாருக்கும் ஞாபகமில்லை. "மிளகாக்கா, நாலு பன்னு" என்று கேட்டால் பன்னு வரும், கூடவே சூடாக ஒரு பேச்சும் வரும். மாவு பொங்காவிட்டால் கோபம், ரொம்பப் பொங்கினால் கோபம், மழை வராமல் புழுங்கினால் வானத்தின் மேல் கோபம். மாஸ்டர் நேர் எதிர். யாராவது ஒரு அதட்டுப் போட்டால் போதும், "சரிங்க" என்பார். சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படிதான் செய்வார். இந்தப் பாழாய்ப்போன 'சரிங்க'தான் அவரைக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது என்று மிளகா பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னாள். பாதி உண்மை. மீதி உண்மையையும் அவள்தான் சொன்னாள், ஆனால் அதைச் சொல்ல ஒரு ஆஸ்பத்திரியையே இரண்டாக்க வேண்டியிருந்தது.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மூக்கில் பஞ்சை வைத்து அடைத்தார்கள், பஞ்சு நனைந்தது. ஊசி போட்ட இடம் கறுத்து வீங்கியது. பல் ஈறில் கசிந்தது. விடிந்து பார்த்தால் கை முழுக்க, யாரோ உருட்டுக்கட்டையால் அடித்தது போலத் திட்டுத் திட்டாக நீலம். சிறுநீரும் சிவப்பாகப் போனது என்று சிஸ்டர் போய்ச் சொல்ல, சின்ன டாக்டர்கள் மாறி மாறி வந்து கண்ணை இழுத்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

மாஸ்டருக்கு நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பும் வியாதி. உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்று, ரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஒன்றைப் பல வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார். அந்த மாத்திரை கொஞ்சம் கூடிப்போனால் இப்படி ஆகும். அதற்கு மாற்று ஊசி இருக்கிறது, அதையும் போட்டாகிவிட்டது. போட்டால் நிற்க வேண்டிய ரத்தம் ஏன் நிற்கவில்லை என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

காலையில் பெரிய டாக்டரே வந்தார். அவர் வருகிறார் என்றால் வார்டில் இருமுகிறவன்கூட இருமலை அடக்கிக்கொள்வான். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு கேட்டார்.

"மாத்திரையை மறந்து ரெண்டு தடவை போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"வெளியில வேற டாக்டர் யார்கிட்டயாவது போனீங்களா?"

"இல்லைங்க."

"வேற எதாவது? கஷாயம், லேகியம், பொடி, கண்றாவி?"

"வேற எதுவும் சாப்பிடலைங்க."

இதைச் சொல்லும்போதே போர்வைக்கு அடியில் மாஸ்டரின் கை மிளகாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். தெருவையே வாயால் கட்டி இழுக்கிறவள், அங்கே பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினாள்.

"ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கோம், அது ஒரு பக்கம் போயிக்கிட்டே இருக்கு," என்றார் டாக்டர், அவளிடம் இல்லை, சின்ன டாக்டர்களிடம். "தலைக்குள்ள கசிஞ்சா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லை." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சொன்னது பொய். அந்தப் பொய் அவர்களுக்கு எப்படிப் பழகியது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மாஸ்டருக்கு ஒரு அண்ணன் உண்டு, நாட்டு வைத்தியர். வேரும் பட்டையும் இடித்துக் காய்ச்சுகிறவர், ஒரு நாளும் சிரித்துப் பார்க்க முடியாத ஆள். அடுப்பு முன்னால் நின்று நின்று மாஸ்டரின் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. நீளக் கம்புப் பலகையால் ரொட்டியை உள்ளே தள்ளும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கும். இழுக்கும்போது மறுகாலில் இறங்கும். அண்ணன் காய்ச்சித் தரும் பட்டைக் கஷாயம் ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் மறுநாள் அந்தக் கால்கள் அவர் பேச்சைக் கேட்கும். அது பொய்யில்லை, மிளகாவே கண்ணால் கண்டது.

நெஞ்சுக்காக முதல் தடவை இதே வார்டில் மாஸ்டர் படுத்திருந்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் அந்தக் கஷாய பாட்டில் இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்க வேண்டிய பொருள் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. பெரிய டாக்டர், அன்றைக்கு இவ்வளவு நரை இல்லை, அதை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். "புருஷனைக் கொல்லணும்னா வீட்டுலயே வச்சுக் கொல்லும்மா, இங்க ஏன் கட்டிலை அடைக்கிற? இதுங்களையெல்லாம் வச்சுக்கிட்டு நாங்க வைத்தியம் பார்த்த மாதிரிதான்!" பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தார். யாரோ சிரித்தார்கள்.   மிளகா கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்தப் பக்கம் அண்ணன் மட்டும் லேசுப்பட்டவரா? தம்பி ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்ததும் கடை வாசலில் நின்று குதித்தார். "அந்த மாத்திரையைத் தொட்டேன்னா என் மருந்தைத் தொடாதே! ரெண்டையும் கலந்து குடிக்கிறவனுக்கு நான் பட்டை இடிக்க மாட்டேன்!" என்றார். மாஸ்டர், "சரிங்கண்ணே, விட்டுட்டேன்" என்றார். டாக்டரிடமும், "சரிங்க, விட்டுட்டேன்" என்றார். காலையில் ரொட்டி இறக்கியதும் மாத்திரை, சாயங்காலம் மாவு பிசைவதற்கு முன்னால் கஷாயம். இரண்டு பேரும் கத்தினார்கள், இரண்டு பேரிடமும் பொய் சொன்னார். இரண்டையும் அறிந்தவள் உலகத்திலேயே மிளகா ஒருத்திதான். இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஏன் கிளப்ப வேண்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் கூத்து. இந்த வருஷம் அதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஒரு பிரிவு திறந்தார்கள். மூலிகை, எண்ணெய், ஊசி குத்துவது, மூச்சு இழுத்து விடுவது எல்லாம் ஒரே இடத்தில். ரிப்பன் வெட்டியது யார்? அதே பெரிய டாக்டர். கையில் ஒரு எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கிற பெரிய படம் ஒன்றைப் படிக்கட்டில் மாட்டினார்கள். மூலிகைப் பக்கத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? மாஸ்டரின் அண்ணனை! கடுவன் பூனை மாதிரி இருந்த மனுஷன், வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, ஆயுசில் முதல் தடவையாகப் பல்லைக் காட்டினார். மாஸ்டர் பூரித்துப்போய்த் தன் கையால் ஒரு பெரிய ரொட்டி பின்னிச் சுட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே கஷாயம் இரண்டு டம்ளர் ஆயிற்று. "என்னங்க இது?" என்று மிளகா கேட்டதற்கு, "இனிமே இது ஆஸ்பத்திரி மருந்துடி. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இன்னும் என்ன பயம்?" என்றார். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெரிய இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் யோசிக்காமலா ஏற்றுக்கொண்டிருப்பார்கள்? மேல் மாடியும் கீழ் மாடியும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை என்பது ரொட்டி சுடுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்!

இவ்வளவுதான் பொய்யின் கதை. இனி வார்டு.

டாக்டர் நகர்ந்ததும் மிளகா தன் கையை உதறிக்கொண்டாள். மணிக்கட்டில் அவர் விரல்களின் தடம் இருந்தது.

"ஏங்க, சொல்லிடலாங்க."

"வாயை மூடு."

"உசுரு போற விஷயம். கஷாயத்தாலதான்னு வச்சுக்கோங்க..."

"கஷாயமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. சொன்னா அண்ணன் வேலை போயிடும். இத்தனை வருஷம் இவனுங்ககிட்ட பேச்சு வாங்கினவரு. இப்பதான் ஒரு நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி மருந்தைத் தவிர வெளியில எதையும் காய்ச்சிக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வச்சிருக்காங்க. என்னால அவரு சோத்துல மண்ணு விழணுமா?"

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் சோத்துல என்ன விழும்?"

"ஊசி போட்டிருக்காங்கல்ல. நின்னுடும். நீ போயி அந்த டீ பிளாஸ்கை எடு, தொண்டை காயுது."

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பிளாஸ்கை எடுத்தாள். மகள்தான் நேற்று வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள், "அப்பா கேட்டாரும்மா, டீ" என்று. மூடியைத் திருகியதும் அந்த வாடை வந்தது. டீயாவது மண்ணாவது. பட்டை வாடை, காலம் காலமாக அவள் அடுப்பில் சுடவைத்த அதே வாடை. பிளாஸ்க் முக்கால்வாசி காலி.



"எப்பலருந்து குடிக்கிறீங்க?"

"முட்டி வலிக்குதுடி. படுத்தே கிடந்தா இன்னும் மோசமா வலிக்குது."

"இங்க வந்த பிறகுமா? மூக்குல ரத்தம் ஊத்திக்கிட்டிருக்கும்போதுமா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்..."

"யோவ்!" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிய நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "யோவ், உனக்கு மூளை இருக்கா? ஒரு பக்கம் அவங்க ஊத்துறாங்க, மறுபக்கம் நீ ஓட்டை போடுற! அவங்க கண்ணுல மண்ணைத் தூவி எமனுக்கு வேலை பார்க்கிறியா? கடையில நீ ஊத்தி வச்சிருந்ததை டீன்னு பொய் சொல்லிப் பொண்ணை எடுத்துட்டு வர வச்சிருக்கியே, நாளைக்கு உனக்கு எதாவது ஆச்சுன்னா, நான்தான் கொண்டுவந்து குடுத்தேன்னு அந்தப் பொண்ணு காலம் பூரா அழணுமா?"

மாஸ்டர் கடைசி வார்த்தைக்கு மட்டும் கண்ணைத் திறந்தார். "சத்தம் போடாதே, அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் பிளாஸ்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறப் போய்விட்டாள்.

இரண்டாம் மாடி வேறு உலகமாக இருந்தது. கீழே மனுஷன் மேல் மனுஷன் உட்கார்ந்திருக்க, மேலே மெத்தை போட்ட நாற்காலி, சின்னச் சின்னத் தொட்டியில் செடி, காதுக்கு இதமாக ஏதோ சங்கீதம். வைத்தியர் ஒரு பெரிய மனுஷியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மிளகா நேராகப் போய் மேஜை மேல் பிளாஸ்கை வைத்தாள்.

"என்னம்மா இது, ஆள் இருக்கும்போது..."

"மாமா, உங்க தம்பி கீழ செத்துக்கிட்டிருக்காரு."

பெரிய மனுஷி கையை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வைத்தியருக்குத் தம்பி படுத்திருப்பது தெரியும், நேற்றே வந்து பார்த்துவிட்டு அடுப்புச் சூடுதான் என்று அவரும் சொல்லியிருந்தார்.

"இன்னும் நிக்கலையா?"

"எப்படி நிக்கும்? ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடுறாரு. அது மேல உங்க கஷாயம். அதுவும் இப்ப ரெண்டு டம்ளர்."

வைத்தியரின் முகம் வெளிறியது. "மாத்திரையா? அதைத்தான் விட்டுட்டேன்னு சொன்னானே! என் முகத்தைப் பார்த்துச் சொன்னானேம்மா!"

"சொன்னாரு. நீங்க கத்தினீங்க, அவரு சொன்னாரு."

"அந்தப் பட்டையும் ரத்தத்தை இளக்கும். அதனாலதானே மாத்திரை தின்னுறவனுக்குக் குடுக்க மாட்டேன்னேன்!"

"இந்தக் காரணத்தை என்னைக்காவது சொன்னீங்களா மாமா? கடை வாசல்ல நின்னு 'தொடாதே தொடாதே'ன்னு குதிச்சீங்களே தவிர, தொட்டா என்ன ஆகும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? உங்களுக்கு ரோஷம்னுதான் நாங்க நினைச்சோம். டாக்டர் மேல இருக்கிற பொறாமைன்னு நினைச்சோம். உசுருக்கு ஆபத்துன்னு சொல்லியிருந்தா, நானே அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்!"

வைத்தியர் பிளாஸ்கை எடுத்து மூடியை இறுக்கித் திருகினார். "கீழ போயி இதைச் சொன்னா எனக்கு இங்க வேலை இல்லை," என்றார், யாருக்கோ சொல்வது போல.

"தெரியும். அதனாலதான் உங்க தம்பி வாயைத் திறக்கல. நான் போயிச் சொன்னா, படிக்காதவ உளர்றான்னு தள்ளிடுவாங்க. எந்தப் பட்டை, எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. வர்றீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் எழுந்தார். அந்த ஒரு விஷயத்துக்காக மிளகா அவரை மற்றதெல்லாம் மன்னித்தாள். கோட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறினார், அப்புறம் போட்டபடியே இறங்கினார்.

பெரிய டாக்டர் வார்டின் கடைக்கோடியில் இருந்தார். வைத்தியர் பக்கத்தில் போய் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். பட்டையின் பெயர், எவ்வளவு காய்ச்சினது, எத்தனை காலமாக, இப்போது எவ்வளவு. டாக்டர் முதலில் இவரை அடையாளம் கண்டு புன்னகைத்தார். கேட்கக் கேட்கப் புன்னகை போயிற்று. பிளாஸ்கை வாங்கி மோந்தார். ஒரு சின்ன டாக்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார், அவர் ஓடினார். போட்ட ஊசி மாத்திரையைத்தான் முறிக்கும், பட்டையை முறிக்காது, அதனால் இப்போது ஏற்ற வேண்டியது சிவப்பு ரத்தமில்லை, அதிலேயே உறைய வைக்கிற பகுதி என்று சிஸ்டர் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக ஒரு பை வந்து கம்பியில் தொங்கியது.

அந்த அளவில் டாக்டர் நல்ல டாக்டர்தான், மிளகா அதை இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பையைத் தொங்கவிட்ட கையோடு அவர் திரும்பினார்.

"உங்களை மேல வச்சது எண்ணெய் தேய்க்க, ஆலோசனை சொல்ல. வீட்டுல கண்டதைக் காய்ச்சி என் பேஷண்டுக்கு ஊத்த இல்லை. நாளையிலருந்து வர வேண்டாம்."

"சரிங்க," என்றார் வைத்தியர். அவரும் மாஸ்டரின் அண்ணன்தானே.

டாக்டர் மிளகாவைப் பார்த்தார். "ஏம்மா, காலையில அவ்வளவு கேட்டேன். வாயில கொழுக்கட்டையா? மறைச்சு வச்சு ஒரு உசுரோட விளையாடுறீங்களே, உங்களுக்கெல்லாம் எப்பம்மா புத்தி வரும்?"

அதுவரை தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்க டாக்டர் கேட்டீங்க? 'கண்றாவி'ன்னீங்க. கண்றாவி எதாவது சாப்பிட்டியான்னு கேட்டா, ஆமாங்க சாப்பிட்டேன்னு யாரு சொல்லுவா?"

"மரியாதையா பேசும்மா."

"மரியாதையாத்தான் இத்தனை வருஷம் பேசினேன். இதே வார்டுல, அந்தக் கட்டில்ல, ஒளிக்காம வச்சிருந்தோம். என்ன சொன்னீங்க? புருஷனைக் கொல்ல வந்தவன்னு சொன்னீங்க. அன்னைக்கே உட்கார வச்சு, 'இந்த மாத்திரையும் இந்தப் பட்டையும் சேர்ந்தா ரத்தம் நிக்காதும்மா'ன்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா? ஈஸ்ட்டு கூடினா ரொட்டி என்ன ஆகும்னு தெரிஞ்சவ நான், எனக்கு இது புரியாதா? நீங்க கத்தினதால எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரிஞ்சது, உங்ககிட்ட எதையும் சொல்லக் கூடாதுன்னு. இப்ப நீங்களே மாடியில கடை போட்டு, அதே பட்டைக்காரரைக் கூப்பிட்டு வச்சு, குப்பியைப் பிடிச்சுக்கிட்டுப் படம் எடுத்துக்கிட்டீங்க. அன்னைக்குப் பேசின பேச்சை மட்டும் திரும்ப வாங்கிக்கவே இல்லையே! அதை வாங்காம எங்க வாயி எப்படித் திறக்கும்?"

"சிஸ்டர், இந்த அம்மாவை வெளியில அனுப்புங்க," என்றார் டாக்டர்.

வெளியில் அனுப்பினார்கள். சாயங்காலம் மூக்கில் ரத்தம் நின்றது. ஈறிலும் நின்றது. மறுநாள் காலையில் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து, பாலில் நனைத்த ரஸ்க் ஒன்றைத் தின்றார். பிழைத்துக்கொண்டார். மிளகா அடுத்த ரஸ்க்கை நீட்டினாள். "அண்ணன்?" என்று அவர் கேட்டார். அவள் எழுந்து, சிஸ்டர் திருப்பிக் கொடுத்திருந்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

இரண்டாம் மாடி திறந்துதான் இருந்தது. சங்கீதம் கேட்டது. வைத்தியரின் நாற்காலி காலி. படிக்கட்டில் டாக்டர் படம் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னவன் வீட்டுக்கு, பொய் சொல்ல வைத்தவன் படத்துக்கு. நல்லா இருக்கு நியாயம்!

கீழே வெளிநோயாளிகள் கூடம் நிரம்பியிருந்தது. பெஞ்சுகளில் இடமில்லாமல் சுவரோரமாகவும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியும் புழுக்கம் தீரவில்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. மிளகா அந்தப் பைகளைப் பார்த்தாள். அத்தனை பையும் மேல்வாய் முறுக்கி, கையால் பொத்திப் பிடிக்கப்பட்டிருந்தது. அப்படிப் பிடிப்பது எப்படியென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் அறை வாசலில் சிஸ்டரின் மேஜை இருந்தது. அதன் மேல் பிளாஸ்கை நங்கென்று வைத்தாள்.

"இங்க பாருங்க எல்லாரும்! இது எங்க வீட்டுக் கஷாயம். இதை டாக்டர்கிட்ட மறைச்சு மறைச்சு, என் புருஷன் எமலோகத்து வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாரு. உங்க பையில என்ன இருக்கு? எடுத்து வெளியில வையுங்க!"

யாரும் அசையவில்லை. ஒரு தையல்காரர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "போம்மா, நமக்கெதுக்கு வம்பு" என்று ஒருவர் முனகினார்.

"வம்பா? உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று அவள் அவரிடமே கேட்டாள். "இருக்கு? மாத்திரை சாப்பிடுறீங்க? கூட என்ன பொடி சாப்பிடுறீங்க? உள்ள போனா என்ன சொல்லப் போறீங்க, 'வேற எதுவும் சாப்பிடலைங்க'ன்னுதானே? எனக்குத் தெரியாதா அந்தப் பாட்டு!"

எங்கோ ஒரு சிரிப்புக் கேட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, கூட வந்த மாமியாரைப் பார்க்காமல், பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து பிளாஸ்க்குப் பக்கத்தில் வைத்தாள். "வாந்திக்கு," என்றாள் மெதுவாக. தையல்காரர் எழுந்தார். அவர் கையில் எண்ணெய்ச் சீசா. சர்க்கரைக்காரர் தன் பொடி டப்பாவைத் துடைத்துவிட்டு வைத்தார். அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மேஜையில் இடம் போதாமல் பெஞ்சின் மேலும் வைத்தார்கள். சூரணம், குளிகை, வேர், பெயரே இல்லாத உருண்டைகள், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதித் தந்த இங்கிலீஷ் மாத்திரைகூட இருந்தது. சிஸ்டர், "ஐயோ, டாக்டர் வந்தா என்னைத்தான் கத்துவாரு" என்று கையைப் பிசைந்தாள்.

கதவு திறந்தது. பெரிய டாக்டர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன இதெல்லாம்? யாரு கொண்டுவந்தது?"

 தையல்காரர் தரையைப் பார்த்தார்.  எல்லோரும் இப்போது ஜகா வாங்கிவிட்டால் மிளகா ஒருத்திதான் கோமாளி.

"அது என்னுது டாக்டர், அந்தப் பொட்டலம்," என்றாள் வயிற்றுப்பிள்ளைக்காரி. 

"சீசா என்னுதுங்க."

"பொடி என்னுது. ரெண்டு வருஷமா சாப்பிடுறேன்."

டாக்டரின் முகம் சிவந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். மிளகா ஒரு நாற்காலியை இழுத்து அந்த மேஜைக்கு முன்னால் போட்டாள். இன்னொன்றை இழுத்து அதற்குப் பக்கத்தில் போட்டாள்.

"இது உங்களுக்கு, அது எங்க மாமாவுக்கு. அவரைக் கூப்பிட்டு அனுப்புங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, ஒவ்வொருத்தரா கேளுங்க. எல்லாத்தையும் சொல்லுவோம் டாக்டர், ஒண்ணு விடாம சொல்லுவோம். ஆனா கத்தாம கேளுங்க."